இரண்டு வயதுக்கு முன் எதற்குச் சீனி?

ஆறு மாதக் குழந்தைக்கென்று விற்கும் தானியப் பொடியில் எவ்வளவு சீனி கலக்கலாம்? இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் கொண்டுவந்த குழந்தை உணவு விதிகள் இதற்குப் பதில் சொல்கின்றன. கார்போஹைட்ரேட்டுக்காகத் தேவைப்பட்டால் ஒழிய சுக்ரோஸோ ஃப்ரக்டோஸோ சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மொத்தக் கார்போஹைட்ரேட்டில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாசிக்கும்போது கண்டிப்பான விதி போலத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் தாராளம் புரிகிறது. 100 கிராம் பொடியில் கார்போஹைட்ரேட் 70 கிராம் என்றால், அதில் 14 கிராம் வரை சீனியாக இருக்கலாம். டீஸ்பூன் கணக்கில் மூன்றரை.

ஆறு மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளின் இணை உணவு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இப்படித் தாராளம் காட்டவில்லை. சர்க்கரை மிகுந்த உணவு வேண்டாம், இனிப்பூட்டிய பானம் வேண்டாம், சர்க்கரைக்கு மாற்றான செயற்கை இனிப்பும் வேண்டாம் என்கிறது. அந்நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டல அலுவலகம் இன்னும் ஒரு படி மேலே போய், மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்காகத் தயாரித்து விற்கும் உணவில் சர்க்கரை சேர்க்கவே கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. நம் நாட்டுக் குழந்தை நல மருத்துவர்களின் அமைப்பான இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமியும் இரண்டு வயதுக்குள் பழச்சாறும் இனிப்புப் பானமும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மருத்துவம் ஒன்றைச் சொல்கிறது, சட்டம் வேறொன்றை அனுமதிக்கிறது. கடை அலமாரியில் சட்டம் சொல்வதுதான் நடக்கும்.

நான் குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் பார்ப்பவள். முளைத்துச் சில மாதங்களே ஆன பால் பல்லைச் சொத்தையோடு பார்ப்பது என் அன்றாட வேலை. அந்தக் குழந்தையைத் தூக்கி வரும் தாயிடம் “இனிப்பைக் குறைங்க” என்று சொல்லி அனுப்புவதோடு முடிகிற விஷயம் இது என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. இரண்டு வயது வரை சேர்த்த சர்க்கரை கூடாது என்பது தாய்க்குச் சொல்லும் புத்திமதியாக மட்டும் இருந்தால் போதாது. தொழிற்சாலைக்கும் அரசின் சத்துமாவுக்கும் பொருந்தும் விதியாக அது மாற வேண்டும்.

2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ என்ற அமைப்பும், குழந்தை உணவு விற்பனையைக் கண்காணிக்கும் பன்னாட்டு வலையமைப்பான ‘இப்ஃபான்’ அமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. பல நாடுகளில் விற்கும் நெஸ்லே குழந்தை உணவுகளை வாங்கி ஆய்வு செய்திருந்தார்கள். இந்தியாவில் பார்த்த 15 செரிலாக் வகைகளிலும் சேர்த்த சர்க்கரை இருந்தது. ஒரு வேளைக்குச் சராசரியாக 2.7 கிராம். ஆறு மாதக் குழந்தைக்கான கோதுமை செரிலாக் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சேர்த்த சர்க்கரை இல்லாமல் விற்கிறது. அதுவே எத்தியோப்பியாவில் வேளைக்கு 5 கிராமுக்கு மேல், தாய்லாந்தில் 6 கிராம். ஐந்தாண்டுகளில் இந்தியாவில் சர்க்கரையை 30 சதவீதம் வரை குறைத்திருக்கிறோம், உள்ளூர் விதிகளை முழுமையாகப் பின்பற்றுகிறோம் என்பது நிறுவனத்தின் பதில். அதே ஆண்டின் பிற்பகுதியில், சுத்திகரித்த சர்க்கரை இல்லாத வகைகளை இந்தியாவிலும் கொண்டுவருவதாக அறிவித்தது.

விதியைப் பின்பற்றினோம் என்று நிறுவனம் சொன்னது பொய்யல்ல, என் வருத்தம் அங்கேதான் இருக்கிறது. ஜெர்மனியக் குழந்தைக்குச் சீனி இல்லாமல் பொடி தயாரிக்கத் தெரிந்தவர்களுக்கு மதுரைக் குழந்தைக்கும் தயாரிக்கத் தெரியும். தயாரித்தே ஆக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வெளிநாட்டு அமைப்பு ஒன்று ஆய்வு செய்து, அது செய்தியாகி, பங்குச் சந்தையில் விலை இறங்கிய பிறகுதான் சீனி இல்லாத டப்பா வர வேண்டியிருந்தது. அப்படி வந்ததும் விதியால் வந்ததல்ல. நாளைக்கே நிறுவனம் மனம் மாறினால் அதைத் தடுக்க நம்மிடம் எதுவும் இல்லை.

2.7 கிராம் என்பது முக்கால் டீஸ்பூன்கூட இல்லையே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு வேளை 2.7 கிராம் சீனியால் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அது தினமும் தொடர்கிறது என்பதையும், அதோடு வேறு என்னென்ன சேர்கின்றன என்பதையும்தான் பார்க்க வேண்டும். காலையில் ஒரு கிண்ணம் பொடி. பத்து மணிக்குப் பாலில் இரண்டு டீஸ்பூன் சீனி, அதுவே 8 கிராம். நான்கு குளுக்கோஸ் பிஸ்கெட். அந்த வகை பிஸ்கெட்டில் எடையில் ஏறக்குறைய கால் பங்கு சர்க்கரைதான் என்பதால் அதில் ஒரு டீஸ்பூன். சாயங்காலம் தாத்தாவின் டீயில் தோய்த்த ரஸ்க். இரவில் மறுபடி சீனிப் பால். ஊர் போய் வந்த மாமா வாங்கிக் கொடுத்த அட்டை டப்பா மாம்பழ பானம் என்றால், அதில் 100 மில்லிக்கே பத்துக் கிராமுக்கு மேல் சர்க்கரை. எல்லாவற்றையும் கூட்டினால், பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு இதற்கு மேல் வேண்டாம் என்று ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்ன 25 கிராமை ஒன்றரை வயதுக் குழந்தை தாண்டிவிடும்.

அந்தக் குழந்தையின் இரைப்பை கால் லிட்டர் சொச்சம்தான் கொள்ளும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக மற்ற உணவிலிருந்து தேவைப்படுவது 200 கலோரி. ஒரு வயதுக்கு மேல் 550. இவ்வளவு சின்ன இடத்துக்குள் இரும்பு, துத்தநாகம், புரதம், கொழுப்பு எல்லாம் போய்ச் சேர வேண்டும். சீனி கலோரியைத் தவிர வேறு எதையும் கொண்டுவராது. நாலு பிஸ்கெட் தின்ற குழந்தை பருப்புச் சாதத்துக்கு வாயைத் திறக்காது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் நூற்றுக்குப் பதினொரு பேர்தான். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. “நம்ம பிள்ளைங்க ஒல்லியாத்தானே இருக்கு, கொஞ்சம் இனிப்பு தின்னா என்ன?” என்ற கேள்வியை வெளிநோயாளிப் பிரிவில் கேட்காத நாளில்லை. ஒல்லியான குழந்தைக்குத்தான் ஒவ்வொரு வாய் உணவும் மற்றவர்களைவிட அதிகமாகக் கணக்கில் வருகிறது.

ரேஷன் காலத்துப் பிள்ளைகள்

முதல் இரண்டு ஆண்டுச் சீனி அறுபது வயதில் என்ன செய்யும் என்பதை எந்த ஆய்வகத்திலும் சோதித்துப் பார்க்க முடியாது. ஒரு கூட்டம் குழந்தைகளுக்குச் சீனி கொடுத்து, இன்னொரு கூட்டத்துக்குக் கொடுக்காமல் வைத்து அறுபதாண்டு காத்திருக்க யாருக்கும் மனமும் வராது, அனுமதியும் கிடைக்காது. ஆனால் பிரிட்டனில் போரும் ரேஷனும் அப்படி ஒரு சோதனையைத் தாமாகவே நடத்தி வைத்துவிட்டன.

இரண்டாம் உலகப் போரில் 1940 ஜனவரியில் அங்கே சீனிக்குக் கட்டுப்பாடு வந்தது. போர் முடிந்தும் ரேஷன் தொடர்ந்தது. சீனிக்கு 1953 செப்டம்பரில்தான் விடுதலை. கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சுமார் 40 கிராம் சீனி சாப்பிட்டார். ரேஷன் நீங்கியதும் சீக்கிரமே அது இரு மடங்கானது. மற்ற உணவுகளின் அளவு அந்தச் சமயத்தில் பெரிதாக மாறவில்லை. ஆக, ஒன்றிரண்டு ஆண்டு முன்பின்னாகப் பிறந்த, மற்ற எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான இரண்டு கூட்டத்துப் பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள். ஒரு கூட்டம் கருவிலும் மழலைப் பருவத்திலும் குறைந்த சீனியோடு வளர்ந்தது. மற்றது அப்படி வளரவில்லை.

தாதேயா கிராக்னர் என்ற பொருளாதார ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1951 அக்டோபருக்கும் 1956 மார்ச்சுக்கும் இடையில் பிறந்த சுமார் 60 ஆயிரம் பேரின் உடல்நலப் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். 2024 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகள் வெளியாயின. கருவுற்றது முதல் இரண்டு வயது வரையான ஆயிரம் நாட்கள் சீனிக் கட்டுப்பாட்டில் கழிந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவு, உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 20 சதவீதம் குறைவு. நோய் வந்தவர்களுக்கும் நீரிழிவு நான்கு ஆண்டு தள்ளி வந்தது, ரத்த அழுத்தம் இரண்டு ஆண்டு தள்ளி வந்தது. இந்தப் பாதுகாப்பில் மூன்றில் ஒரு பங்கு கருவில் இருந்தபோதே கிடைத்திருக்கிறது. மீதி பிறந்த பிறகு கிடைத்தது. குறிப்பாக ஆறு மாதத்துக்குப் பின், அதாவது திட உணவு தொடங்கும் காலத்தில்.

அந்தப் பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைய ரேஷன் அளவுகள் இன்றைய மருத்துவப் பரிந்துரைகளுக்குப் பக்கத்தில்தான் இருந்தன. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சீனிப் பங்கே கிடையாது. பின்னாளில் எல்லோரையும் போலத்தான் அவர்களும் இனிப்புச் சாப்பிட்டார்கள். தொடக்கத்தில் கிடைத்த அந்த இடைவெளி மட்டுமே இவ்வளவு தூரம் கைகொடுத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இதைப் படிக்கும் யாருக்கும் இது பிரிட்டன் கதையாக மட்டும் படாது. சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நம் மாநிலத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அந்த நோய்க்கு வேலி அடைக்க வேண்டிய இடம், பெரியவர்களாவதற்கும் வெகு முன்னால், குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. புனேயில் மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டிய உண்மை ஒன்று உண்டு. அங்கே கிராமத்துத் தாய்களுக்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்தும் நம் குழந்தைகளின் உடலில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை, குறைந்தது தசைதான். பிறக்கும்போதே நீரிழிவை நோக்கிச் சாய்ந்த உடல் இது. சீனியின் கதவைத் தள்ளித் திறப்பதில் மற்ற நாடுகளைவிட நாம்தான் அதிகம் தயங்க வேண்டும்.

ஆச்சியும் கருப்பட்டியும்

என்னிடம் வரும் குழந்தையின் மேல் வரிசை முன்பல் நான்கையும் முதலில் பார்ப்பேன். உதட்டைத் தூக்கினால், ஈறோரத்தில் சுண்ணாம்புக் கோடு போல ஒரு வெள்ளை வரி தெரியும். பல்லின் மேல்பூச்சிலிருந்து தாது கரையத் தொடங்கிவிட்டதற்கான அடையாளம் அது. அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் திரும்பக் கட்டிக்கொள்ளும். விட்டுவிட்டால் மஞ்சளாகி, பழுப்பாகி, பல் விளிம்பு உதிர்ந்து கறுத்த முளை மட்டும் மிஞ்சும். அதே வாயில் கீழ் முன்பற்கள் பளிச்சென்று இருக்கும். பாட்டிலைச் சப்பும்போது நாக்கு அவற்றின் மேல் படிந்து காக்கிறது, எச்சிலும் அங்கேதான் அதிகம் ஊறுகிறது. மேல் பல் சொத்தை, கீழ்ப் பல் சுத்தம் என்ற இந்தக் கோலத்தைக் கண்டாலே இரவுப் பாட்டில் என்று சொல்லிவிடலாம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். சீனிப் பால் விடிய விடியப் பல்லில் தேங்கி நிற்க, கிருமிகள் அதை அமிலமாக்கிக்கொண்டே இருக்கும். பால் பல்லின் மேல்பூச்சு நிலைப் பல்லைவிட மெல்லியது, அதனால் அரிப்பு வேகமாக உள்ளே இறங்கும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆச்சியிடம் கேட்டேன்.

“ராத்திரி பாட்டில்ல பால் குடுக்கீங்களா, ஆச்சி?”

“ஆமா டாக்டரம்மா. வாயில பாட்டில் இருந்தாத்தான் பய உறங்குதான்.”

“சீனி போடுவீங்களோ?”

“சேச்சே! சீனியெல்லாம் வீட்டுக்குள்ளயே கிடையாது. உடன்குடி கருப்பட்டிதான். ஒரு கட்டி உடைச்சுப் போட்டுக் காச்சுவோம்.”

அந்தப் பெருமிதத்தைப் பார்த்துக்கொண்டே மேற்கொண்டு சொல்வது எளிதல்ல. வெள்ளைச் சீனி கெடுதல் என்று ஊரெல்லாம் சொல்லக் கேட்டு, கூடுதல் விலை கொடுத்து, மெனக்கெட்டு நல்லது செய்கிறோம் என்று நம்புகிறவர் அவர். ஆனால் பல்லுக்குக் கருப்பட்டியும் சீனியும் ஒன்றுதான். உடம்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சம்பழ சிரப் எல்லாமே உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தவிர்க்க வேண்டிய சர்க்கரைதான். வெல்லத்தில் இரும்பு இருக்கிறதே என்பார்கள். 10 கிராம் வெல்லத்தில் கிடைப்பது சுமார் அரை மில்லிகிராம்; இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை 8 மில்லிகிராம். அதை வெல்லத்தால் நிரப்பப் போனால் குழந்தை வேறெதையும் சாப்பிட முடியாது. தேனுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்துகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கலாம். பிறந்த குழந்தையின் நாவில் சேனை வைக்கும் வழக்கத்தைத் தென்மாவட்டங்களில் இப்போதும் பார்க்கிறேன். சீனித் தண்ணீரோ தேனோ, எதுவாயினும் அதைக் கைவிட வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது. முதல் சொட்டு தாயின் சீம்பாலாக இருக்கட்டும்.

ஆச்சியைக் குற்றவாளியாக்கி எழுத எனக்கு மனமில்லை. இனிப்பு என்றால் குழந்தைக்குப் பிடிக்கும் என்பது அவருடைய அனுபவம், அது உண்மையும்கூட. பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தை இனிப்பை விரும்பும், கசப்பைத் துப்பும். 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது; ஆனால் லாக்டோஸின் இனிப்பு சீனியின் இனிப்பைவிட மிக மென்மையானது. இனிப்பை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கற்றுக்கொடுக்க வேண்டியவை மற்ற சுவைகள்: கீரையின் லேசான கசப்பு, மோரின் புளிப்பு, பருப்பின் மண் வாசனை. ஒரு புதிய உணவைக் குழந்தை ஏற்க எட்டு, பத்து முறை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று குழந்தைகளின் சுவை பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. மூன்றாம் முறை முகத்தைச் சுளித்ததும் “இவனுக்குப் பிடிக்கலை” என்று முடிவு கட்டி ஒரு ஸ்பூன் சீனி தூவிவிடுகிறோம். அந்த ஒரு ஸ்பூன், பத்தாவது முறை வரை போகும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது.

அப்படியென்றால் ஒன்றுமே கொடுக்கக் கூடாதா என்று அந்த ஆச்சி கேட்டார். பாலை அப்படியே கொடுக்கலாம், ஒரு வயதுக்கு மேல் டம்ளரில். கருப்பட்டிக்குப் பழகிவிட்ட குழந்தைக்குச் சட்டென்று நிறுத்தினால் அழும். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடலாம். கடைசிப் பால் குடித்த பிறகு பல் துலக்கிவிட வேண்டும். முதல் பல் முளைத்த நாளிலிருந்தே அரிசி மணி அளவு ஃப்ளோரைடு பற்பசை போதும். அதற்குப் பிறகு விடியும் வரை தண்ணீர் மட்டும். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் கொடுக்கும் சிரப்பிலும் சர்க்கரை இருப்பதால், மருந்து கொடுத்ததும் இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மசித்த நேந்திரன் பழம், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சப்போட்டா எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். முழுப் பழத்தில் இருக்கும் இனிப்பு இந்தக் கணக்கில் சேராது. சாறாகப் பிழிந்துவிட்டால்தான் சேரும். எடை கூட வேண்டுமென்றால் நெய்யும் நல்லெண்ணெயும் வேர்க்கடலை விழுதும் முட்டையும் இருக்கின்றன. ஒரு டீஸ்பூன் நெய்யில், ஒரு டீஸ்பூன் சீனியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கலோரி இருக்கிறது. கல்யாண வீட்டில் யாராவது ஒரு விள்ளல் லட்டை ஊட்டிவிட்டால் அதற்காக அவரோடு சண்டை போட வேண்டாம். அன்றாடம் என்ன கொடுக்கிறோம் என்பதுதான் பேச்சு.

பெயரை நம்பி வாங்கியவர்கள்

வீட்டில் செய்யும் தவற்றை ஓர் ஆச்சியோடு பத்து நிமிடம் பேசிச் சரி செய்துவிடலாம். டப்பாவில் அச்சாகிக் கடைக்கு வந்துவிட்ட பொய்யை அப்படிச் சரி செய்ய முடியாது. ஓஆர்எஸ் விவகாரம் அதற்குச் சரியான சாட்சி. வயிற்றுப்போக்கில் நீரிழந்த குழந்தையைக் காப்பாற்றும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். குடல் உப்பையும் தண்ணீரையும் உள்ளிழுக்கத் தேவையான அளவு அது, கிராம் சுத்தமாகக் கணக்கிட்டது. இதைவிடப் பல மடங்கு சர்க்கரை கலந்த பழ ருசி பானங்கள், தங்கள் பெயரோடு ‘ஓஆர்எஸ்’ என்ற எழுத்துகளை ஒட்டிக்கொண்டு, மருந்துக்கடை அலமாரிகளிலேயே பல ஆண்டுகள் விற்றன. சர்க்கரை அதிகமானால் குடல் தண்ணீரை வெளியே இழுக்கும், வயிற்றுப்போக்கு கூடும். காப்பாற்ற வாங்கியதே குழந்தையை மேலும் வாட்டும்.

ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து எட்டு ஆண்டுகள் போராடினார். கடிதங்கள், காணொளிகள், நீதிமன்றம் என்று ஏறாத படி இல்லை. இடையில், ‘இது உலக சுகாதார நிறுவனத்தின் கரைசல் அல்ல’ என்று ஒரு வரி போட்டால் போதும், பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதியும் கொடுத்தது. 2025 அக்டோபரில்தான் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்று, உரிய அளவில் இல்லாத எந்தப் பானமும் ஓஆர்எஸ் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. உத்தரவு வந்த அன்று அவர் கண்ணீரோடு பேசிய காணொளியை நாடே பார்த்தது. ஒரு மருத்துவர் எட்டு ஆண்டு தனியாகக் கத்தித்தான் இதைப் பெற வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இன்றும் ஆறவில்லை.

மால்ட் பானங்களும் இதே வழியில்தான் வந்தன. போர்ன்விட்டாவில் எவ்வளவு சர்க்கரை என்று சமூக ஊடகப் பதிவர் ரேவந்த் ஹிமத்சிங்கா 2023இல் ஒரு காணொளி வெளியிட, முதலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பிறகு அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனமே சர்க்கரையைச் சுமார் 14 சதவீதம் குறைத்தது. 2024 ஏப்ரலில் இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் காட்டக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அரசு அறிவுறுத்தியது. மூன்று விவகாரங்களிலும் தனி ஆளோ வெளிநாட்டு அமைப்போ சத்தம் போட்ட பிறகுதான் ஒழுங்குமுறை அமைப்பு அசைந்திருக்கிறது.

இப்போது ‘சுத்திகரித்த சர்க்கரை இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்ட டப்பாக்கள் நிறைய வருகின்றன. பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். மூலப்பொருள்கள் எடை வரிசைப்படி இருக்கும். முதல் மூன்று, நான்கு இடங்களுக்குள் வெல்லத் தூளோ பேரீச்சம்பழத் தூளோ தேனோ பழச்சாறு அடர்வோ இருந்தால் அது சர்க்கரைதான். மால்டோடெக்ஸ்ட்ரினும் சத்தற்ற கலோரிதான். ஊட்டச்சத்து அட்டவணையில் ‘ஆடட் சுகர்’ என்று தனி வரி இருக்கிறது. அதைப் படிக்க ஆங்கிலமும் வேண்டும், கூர்மையான கண்ணும் வேண்டும். கூலி வேலை முடித்து, இடுப்பில் குழந்தையோடு கடையில் நிற்கும் ஒரு பெண்ணிடம் அதை எதிர்பார்ப்பது அநியாயம். சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரை மிகுந்த உணவுப் பொட்டலத்தின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். எழுத்துத் தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்வார். அந்த முத்திரை உள்ள பொட்டலத்தில் குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன் படமும் போட முடியாது. நம் நாட்டில் முன்பக்க எச்சரிக்கை பற்றிய பேச்சு உச்ச நீதிமன்றம் வரை போயும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எல்லா உணவுக்கும் முத்திரை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவு தனி விதியின் கீழ் வருகிறது. அந்த 20 சதவீதத்தைப் பூஜ்யமாகத் திருத்த ஓர் அறிவிக்கை போதும். வெல்லம், தேன், பழச்சாறு அடர்வு எல்லாவற்றையும் அதில் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சீனி போன இடத்தில் வெல்லம் வந்து உட்காரும்.

டெல்லியைக் கேட்கும்போது சென்னையையும் கேட்டாக வேண்டும். தமிழ்நாட்டின் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் மூலம் குழந்தைகளுக்குச் சத்துமாவு போகிறது. கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, அவற்றோடு விட்டமின்களும் தாதுக்களும். நாடு பார்த்துக் கற்றுக்கொண்ட திட்டம். இலட்சக்கணக்கான ஏழை வீடுகளில் குழந்தைக்குக் கிடைக்கும் ஒரே சத்தான பொடி அது. அதில் வெல்லமும் சேர்கிறது. தொடங்கிய காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது: பசித்த குழந்தைக்குக் கலோரி வேண்டும், குழந்தை முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும், மாவு சீக்கிரம் கெடாமல் இருக்க வேண்டும். கடும் ஊட்டச்சத்துக் குறைவில் இருக்கும் குழந்தைக்கு மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கும் சிகிச்சை உணவில் சர்க்கரை இருப்பதையும் நான் எதிர்க்கவில்லை, அது மருந்து. மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும், ஆறாம் மாதத்திலிருந்தே தினமும் வெல்லம் கலந்த மாவைத்தான் அரசு கொடுக்க வேண்டுமா என்பதை மறுபடி யோசிக்க வேண்டிய நேரம் இது.

வெல்லத்தை எடுத்துவிட்டால் கலோரி குறையும் என்பது உண்மை. அந்த இடத்தை வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் நிரப்பலாம். கலோரி கூடும், புரதமும் கொழுப்பும் சேர்ந்து வரும். காய்ச்சும்போது ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றச் சொல்லிக் கொடுக்கலாம். குழந்தைகள் சாப்பிட மாட்டார்கள் என்ற சந்தேகத்துக்கு, ஒன்றிரண்டு மாவட்டங்களில் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஏற்கெனவே வெல்லத்துக்குப் பழகிய இரண்டு வயதுக் குழந்தையிடம் தொடங்க வேண்டாம். இன்னும் எதற்கும் பழகாத ஆறு மாதக் குழந்தையிடம் தொடங்கலாம். இனிப்பில்லாத மாவைக் கொண்டு மோர்க்கூழும் அடையும் பருப்புக் கஞ்சியும் செய்துகாட்ட அங்கன்வாடிப் பணியாளர்களைவிடப் பொருத்தமானவர்கள் யாருமில்லை.

மாநில அரசால் வேகமாகச் செயல்பட முடியும் என்பதை 2024 பிப்ரவரியில் பார்த்தோம். பஞ்சுமிட்டாயில் ரோடமைன்-பி சாயம் இருப்பது ஆய்வில் தெரிந்ததும், புதுச்சேரியைத் தொடர்ந்து தமிழ்நாடும் சில நாட்களுக்குள் அதன் விற்பனையைத் தடை செய்தது. சத்துமாவின் சேர்மானத்தை மாற்ற மத்திய அரசின் விதி திருத்தப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும். அதை எழுதும் அதிகாரம் சமூக நலத் துறையிடமே இருக்கிறது.